அண்மையும் சேய்மையும்

இக்கல்லூரியில் யாம் கற்ற நாளில் புவியியல் ஆசிரியர் தேசப்படத்தை விரித்து, அடிமட்டத்தால் தூரம் அளக்கச் செய்வார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். சென்னை ஏறத்தாழ 380. “இரண்டும் அயல்வீடுகளே” என்பார் அவர். போர்க்காலமாதலின் இரண்டும் எமக்கு எட்டா வீடுகளாயிருந்தன.

2016 ஆம் ஆண்டில், சென்னையிற் குடியமர்ந்திருந்த எம் தமக்கையார் காலமானார் என்னும் செய்தி ஒரு மாலை வந்தது. விசா கைவசம் இருந்தது. பலாலியிலிருந்து விமானம் இல்லை. இரவு பஸ்ஸிலே தெற்கு நோக்கிக் கொழும்புக்கு 400 கிலோமீற்றர். மறுநாள் கட்டுநாயக்காவிலிருந்து வடக்கு நோக்கி வான்வழியே 640 கிலோமீற்றர். சென்று சேர்ந்தபோது சிதை ஆறியிருந்தது.

இவ்வழி புதியதன்று. 1947 டிசெம்பரில் எயர் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. பின்னர் நெடுங்காலம் அற்றிருந்த தொடர்பு 2019 இல் மீண்டது. 2020 இல் கொள்ளைநோயால் நின்று, 2022 டிசெம்பரில் மறுபடியும் தொடங்கிற்று.

2023 இல் தமக்கையாரின் திவசத்திற்குப் பலாலியிலிருந்தே சென்றோம். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். இறங்குங்கால், அருகிருந்த மூதாட்டியார், “இவ்வளவுதானோ, தம்பி?” என்று வினவினார். எமக்கு விடை கூற நா எழவில்லை.

அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு என மாணவர்க்குக் கற்பிக்குந்தோறும் அவ்வினா எம் நினைவில் எழுகின்றது. சென்னையை ‘இவ்வூர்’ என்பதா, ‘அவ்வூர்’ என்பதா? அடிமட்டம் ஒன்று சொல்லும். வழி உண்டா, இல்லையா என்பதே மற்றொன்று சொல்லும்.