வேற்றுமை காக்கும் ஒளியிழை

மொழியியலில் முதுகலை முடித்து, அறிவியல் கலைச்சொற்களை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்களுக்கு ஆய்வகமும் ஒரு களம்தான். ‘தளவிளைவு’ என்னும் சொல்லின் பொருளைத் தேடி, நான் பயிலும் வட இந்தியப் பல்கலைக்கழகத்தின் ஒளியியல் ஆய்வகத்துக்குச் செல்லத் தொடங்கினேன். அங்கே ஒரு தோழி ஒளியிழை லேசர் அமைத்துவருகிறார்.

எர்பியம் கலந்த ஐந்து மீட்டர் இழை வளையத்தை ஒளி நொடிக்குச் சுமார் 4 கோடி முறை சுற்றிவரும். அதனுள் எழும் எண்ணற்ற அதிர்வெண்களின் கட்டங்கள் ஒன்றோடொன்று பூட்டப்படும்போது, தொடரொளி சில நூறு ஃபெம்டோநொடி நீளமுள்ள துடிப்புகளாகத் திரள்கிறது. பழைய வடிவமைப்பில் இந்தப் பூட்டு, இழைக்குள் தளவிளைவு சுழல்வதை நம்பியிருந்தது. சாதாரண இழையில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களிலும் ஒளி ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்லும். ஆகவே சிறு வளைவும் சிறிதளவு வெப்பமும்கூட ஒளியை ஒரு தளத்திலிருந்து மற்றதற்கு மாற்றிவிடும். காலையில் சரிசெய்த துடிப்பு, குளிரூட்டி நின்றதும் கலைந்துவிடும். நேற்றைய அளவீட்டை இன்று மீண்டும் பெற முடியாது. உதவித்தொகையோ ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே. நான்காம் ஆண்டில் தோழி அனைத்தையும் பிரித்துவிட்டு, ‘பாண்டா’ வகை இழையால் புதிதாகக் கட்டத் தொடங்கினார்.

அவ்விழையின் உள்ளகத்துக்கு இருபுறமும் இரு தகைவுத் தண்டுகள் உண்டு. அவை தரும் இறுக்கத்தால் இரு அச்சுகளிலும் ஒளியின் வேகம் தெளிவாக வேறுபடுகிறது. ஓர் அச்சில் செலுத்திய ஒளி அதே அச்சில் நிற்கிறது. தளச் சுழற்சிக்கு இனி இடமில்லை. எனவே பூட்டுவதற்கு வேறு வழி வேண்டும். ஒளியை இரண்டாகப் பிரித்து எதிரெதிர்த் திசைகளில் செலுத்தும் கண்ணி ஒன்றில், பெருக்கி நடுவில் இல்லாமல் ஒரு முனைக்கு அருகில் வைக்கப்படுகிறது. முந்திப் பெருகும் பாதி அதிகக் கட்டப்பெயர்ச்சி பெறுகிறது. அவ்வேறுபாட்டால் கண்ணி செறிந்த துடிப்புக்கு வழிவிட்டு, மெலிந்த ஒளியைத் தடுக்கிறது. நிலைப்புத்தன்மை இரண்டு இடங்களிலும் திட்டமிட்ட சமமின்மையிலிருந்தே வருகிறது.

மொழியியல் மாணவருக்கு இது பழகிய செய்தி. ஒலிப்பில் நெருங்கி நிற்கும் ழகரமும் ளகரமும் பல வட்டார வழக்குகளில் ஒன்றாகிவிட்டன; பகரமும் ககரமும் அவ்வாறு குழம்புவதில்லை. இடைவெளி குறுகும் இடத்தில் கலப்பு நேர்கிறது.

ஆங்கிலப் பெயரைத் தழுவி இவ்விழையைத் ‘தளவிளைவு பேணும் இழை’ என்று என் பட்டியலில் குறித்திருக்கிறேன். அது பயனைச் சொல்கிறது; காரணத்தைச் சொல்லவில்லை. ‘அச்சுவேற்றுமை இழை’ என்பது பொருந்துமா? இயற்பியல் பயிலும் நண்பர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன். தோழியின் லேசர் இந்த வாரம் முழுவதும் கலையாமல் துடிக்கிறது.