நாடாவைப் பிடிக்க ஓர் ஆள்

1948 மார்ச்சில் பிராட்மனின் அவுஸ்திரேலிய கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கி, பொரளை ஓவலில் ஒருநாள் ஆடியது. எதிரே சதாசிவம் தலைமையில் சிலோன் அணி. ஆடுகளத்தில் ஏதோ சரியில்லை என்று விருந்தாளிகளுக்குச் சந்தேகம். அளந்து பார்த்தால், 22 யார் இருக்கவேண்டியது 20 யார்தான் இருந்தது! பிராட்மனை வரவழைக்க முடிந்த ஊரில், நாடாவின் மறுமுனையைப் பிடித்து இன்னொரு தரம் சரிபார்க்க அன்று காலை யாரும் இருக்கவில்லை போலும்.

அந்த மைதானத்துக்கு இன்று பி. சரவணமுத்துவின் பெயர். இலங்கையின் முதல் டெஸ்ட் 1982இல் அங்கேதான் நடந்தது. பெரிய பெயர்கள் பலகையில் ஏறிவிடும். சுண்ணாம்புக் கோடு போட்டவனின் பெயர் எங்கேயும் ஏறாது. அதனால்தானோ என்னவோ, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எந்தக் கழகத்தாரைக் கேட்டாலும் "உதவிக்கு ஆள் இல்லை ஐயா" என்கிறார்கள்.

ஆள் இருக்கிறது. கேட்கிற முறைதான் பிழை. கூட்டத்தில் "யாராவது வாருங்கோ" என்றால் எல்லாரும் பக்கத்துக் கதிரையைப் பார்ப்பார்கள். "தம்பி, வாற ஞாயிறு எட்டு மணியிலிருந்து பத்தரை வரைக்கும் நீர் ஸ்கோர் எழுதவேணும்" என்று ஆளைப் பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டான். அந்தப் பத்தரை முக்கியம். எப்போது முடியும் என்று தெரியாத வேலைக்குக் குடும்பக்காரன் பயப்படுவான். அவன் மனைவி இன்னும் பயப்படுவாள்.

கெம்பல் பார்க்கில் பயிற்சி முடியும்வரை குடையோடு காத்திருக்கும் அம்மாமாரை ஸ்கோர் எழுத யாராவது கேட்டதுண்டா? தன் பிள்ளை எடுத்த ஓட்டம் நடுவரைவிட அவளுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். முதல் நாள் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். பை, லெக் பை ஓட்டங்கள் பந்துவீச்சாளரின் கணக்கில் சேராது. அவற்றையும் கூட்டினால்தான் பந்துவீச்சுப் பக்கம் மொத்தத்தோடு ஒத்துவரும். இதைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் தானாக வரும்.

1983 கலவரத்துக்குப் பிறகு பொரளையில் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துபோயின. இன்று கோடு போட வருபவர் சிங்களவராக இருக்கலாம், ஸ்கோர் எழுதுபவர் முஸ்லிமாக இருக்கலாம். ஆள் தேடும் தகவல் தமிழ், சிங்களம் இரண்டு மொழியிலும் போகட்டும்.

தொண்டென்றால் கைக்காசு செலவழிக்கவேண்டும் என்று நினைக்கிற செயலாளர்மார் உண்டு; எனக்கு அவர்களோடு ஒத்துவராது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஏறக்குறைய 70,000 தொண்டர்கள் சம்பளமில்லாமல் உழைத்தார்கள். அவர்களுக்குச் சீருடை, சாப்பாடு, நகருக்குள் போய்வரப் பயண அட்டை எல்லாம் கிடைத்தன. நம்மால் தேத்தண்ணியும் பஸ் காசும் கொடுக்கமுடியாதா? அதைவிடப் பெரிய ஆதரவு ஒன்றுண்டு. தொண்டுக்கு நடுவராக நிற்கிற பெடியனை ஒரு தகப்பன் வேலிக்கு வெளியே நின்று ஏசினால், செயலாளர் எழுந்துபோய் அந்தத் தகப்பனிடம் பேசவேண்டும், அப்போதே, எல்லாரும் பார்க்க. பிறகு தனியாகச் சொல்லும் ஆறுதலால் பெடியன் அடுத்த ஞாயிறு வரமாட்டான்.

விலகுகிறேன் என்பவரைக் கெஞ்சிப் பிடித்துவைக்கவும் வேண்டாம். அடுத்து யாரைக் கேட்கலாம் என்று அவரிடமே கேளுங்கள்; சாமான் அறைத் திறப்பை அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அனேகமாக ஒரு பருவம் கழிந்ததும் அவரே வந்து நிற்பார், சும்மா மேட்ச் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு.