நாளைக்குப் போகலாம்!

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு என் செல்போனில் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. அனுப்பியவன் என் அக்கா பையன். சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் படிக்கிறான். (படிக்கிறான் என்பது அவன் சொல்வது. எங்கள் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையைக் கேட்டால், 'அடிக்கிறான்' என்று அழும்!)

'வெள்ளிக்கிழமை மாலை சரியாக 5.30 மணிக்கு மாணவர்களின் மிமிக்ரி, நகைச்சுவை நாடகம். 6.30-க்கு வாய்ப்பாட்டுக் கச்சேரி. அனைவரும் வருக. அனுமதி இலவசம்.'

பி.காம் படித்தவன் கண்ணில் 'இலவசம்' என்ற வார்த்தை பட்டால், கை தானாகப் பேனாவைத் தேடும். விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாக பஸ். இரண்டு பேருக்குப் போக வர டிக்கெட், அங்கே ஷேர் ஆட்டோ, வழியில் டீ, வடை, திரும்பி வரும்போது பரோட்டா, எனக்கு அரை நாள் சம்பளம் கட்... கூட்டிப் பார்த்ததில், உலகத்திலேயே காஸ்ட்லியான இலவசம் இதுதான் என்று தெரிந்தது.

இருந்தாலும் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, உதட்டை அசைத்துப் படித்தார். அப்புறம் சொன்னார்:

"பார்க்கலாம்டா. நாளைக்குச் சொல்றேன்."

எனக்குத் திக்கென்றது. அந்த 'நாளைக்கு' இருக்கிறதே, அதற்கு எங்கள் வீட்டில் ஐம்பது வருஷ வரலாறு உண்டு.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் கரண்ட் போனால், ஸ்டூல் போட்டு ஏறி, ஒரு வெள்ளைக் கட்டையைப் பிடுங்கிப் பார்ப்பீர்களே... ஃப்யூஸ் கேரியர், அது எங்கள் ஊர்ச் சரக்காக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பீங்கான் ஊர். கொலு பொம்மை, அகல் விளக்கு, கரண்ட் கம்ப சாமான் எல்லாம் இங்கே சூளையில் வெந்து வெளியூர் போகும். பெரிய கோயில் இருக்கிறது, பெரிய ஜங்ஷன் இருக்கிறது. மேலதிகாரி மேல் பிராது எழுதிக் கட்டுவதற்குப் பக்கத்திலேயே கொளஞ்சியப்பர் இருக்கிறார். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் உட்கார்ந்து பாட்டுக் கேட்க, டிராமா பார்க்க ஒரு சபா. திருவிழா வந்தால் பட்டிமன்றம், இன்னிசைக் கச்சேரி. மற்ற நாளில் டி.வி-தான்.

ஆகையால், சங்கீத ஆசை வந்த விருத்தாசலத்துக்காரன் கிழக்குப் பக்கம் பஸ் ஏறுவதுதான் வழக்கம். சிதம்பரம் அதற்குத் தோதான ஊர்தான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அங்கே 1929-ல் பல்கலைக்கழகம் கண்டார். இசைக் கல்லூரியும் வைத்தார். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த காலம் அது. 1941-ல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. இரண்டு வருஷத்தில் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது. 'நந்தனார்' (1942) படத்தில் நந்தனாராகவே நடித்துப் பாடிய எம்.எம்.தண்டபாணி தேசிகர், பிற்பாடு அந்தப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்கே தலைவராக இருந்தார். சினிமாவில் சிதம்பரத்துக்குப் போகத் தவித்தவர், நிஜத்தில் அங்கேயே உத்தியோகத்துக்குப் போனார் பாருங்கள்!

நந்தனார் கதை உங்களுக்குத் தெரியும். கொள்ளிடக் கரை ஆதனூர்க்காரர். தில்லைக்குப் போய் நடராஜரைப் பார்க்க வேண்டும் என்று உயிரை விடுகிறார். 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர். பின்னால் கோபாலகிருஷ்ண பாரதியார் அதைச் சரித்திரக் கீர்த்தனையாகப் பாடியபோது ஒரு பண்ணையாரைச் சேர்த்தார். அவர் நந்தனுக்கு லீவ் தர மாட்டார். '40 வேலி நிலத்தை அறுத்துட்டுப் போ' என்பார். மார்ச் 31-ம் தேதி சாயங்காலம் லீவ் கேட்டுப் பார்த்த ஒவ்வொரு அக்கவுன்டன்டுக்கும் அந்தப் பண்ணையாரைத் தெரியும்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். நந்தனாரைத் தடுத்தது வேலை மட்டும் இல்லை, ஜாதி. அந்தக் கொடுமையையும் நம்முடைய சோம்பலையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அவர் போக முடியாமல் 'நாளை' என்றார். நாம் போக முடிந்தும் 'நாளை' என்கிறோம்.

இதே கதையை வைத்துக்கொண்டு கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 'கிந்தனார்' என்று ஒரு காலட்சேபம் செய்தார். எழுதியவர் உடுமலை நாராயணகவி. 'நல்லதம்பி' (1949) படத்திலும் அது வந்தது. கோயிலுக்குப் போகத் துடித்த நந்தனுக்குப் பதிலாக, படிக்கப் பட்டணம் போகத் துடிக்கிற பையன் கிந்தன். பாட்டும் சிரிப்பும் ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி போட்டு உட்கார்ந்த காலம். அந்த நோட்டீஸில் 5.30-க்கு மிமிக்ரி, 6.30-க்குக் கச்சேரி என்று பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சரி, அப்பாவுக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு நல்ல குரல். பையனாக இருந்தபோது டீக்கடை ரேடியோவில் தேசிகர் பாட்டு வந்தால், வாங்கின டீ ஆறி ஆடை கட்டும்வரை நிற்பாராம். பதினெட்டு வயசில், சிதம்பரம் போய்ப் பாட்டு படிக்கிறேன் என்று தாத்தாவிடம் கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டு அத்தைகள் கல்யாணத்துக்கு நின்ற சமயம். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றிருக்கிறார் தாத்தா. அடுத்த வருஷம் அப்பா ஒரு பீங்கான் கம்பெனியில் பால் மில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பால் மில் என்றதும் ஆவின் பூத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு பெரிய இரும்புப் பீப்பாய். உள்ளே கூழாங்கற்கள். களிமண், வெள்ளைக்கல் தூள், தண்ணீர் எல்லாவற்றையும் போட்டு மூடிச் சுற்றவிட்டால், கல் உருண்டு உருண்டு மாவாக அரைக்கும். மணிக்கணக்காகச் சுற்றும். சுற்றும்போது வருகிற சத்தம் இருக்கிறதே, ஆயிரம் பேர் தகரக் கூரை மேல் ஒரே நேரத்தில் தேங்காய் உருட்டுகிற மாதிரி இருக்கும். அங்கே யாரும் வாயால் பேச மாட்டார்கள், கையால்தான். அதன் பக்கத்தில் அப்பா முப்பத்திரண்டு வருஷம் நின்றார்.

சிதம்பரத்தில் கச்சேரி என்று கேள்விப்படும்போதெல்லாம், "நாளைக்குப் போகலாம்" என்பார். அன்றைக்கு நைட் ஷிஃப்ட்டாக இருக்கும். அல்லது எனக்குக் காய்ச்சலாக இருக்கும். அல்லது மாசக் கடைசி. 1981-ல் சிதம்பரம் கோயிலில் நாட்டியாஞ்சலி ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு சிவராத்திரிக்கும் அம்மா, "போயிட்டு வாங்களேன்" என்பாள். "அடுத்த வருஷம்" என்பார்.

கடைசியில் போன வருஷம்தான் கிளம்பினார். பேரன் மேடை ஏறுகிறான் என்பதால். இஸ்திரி போட்ட வேட்டி, புதுத் துண்டு. நாலு மணி பஸ்ஸுக்கு ஒன்றரை மணிக்கே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் நகைச்சுவை. காலேஜ் மேடைகளைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது சார். 1972-ல் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்த மோகன் என்ற பையன், கல்லூரிப் போட்டிக்காக 'கிரேட் பேங்க் ராபரி' என்று ஒரு குட்டி நாடகம் எழுதினார். அவர்தான் பின்னால் கிரேஸி மோகன். முதல் ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் மூன்றாவது ஜோக் வந்துவிடுகிற வேகம். 2019-ல் அவர் போன பிறகும், காலேஜ் பையன்கள் அந்த வேகத்தை விடவில்லை.

மேடையில் இரண்டு பையன்கள். ஒருவன் பஸ் கண்டக்டர், ஒருவன் சில்லறை இல்லாத பயணி. பின்னி எடுத்தார்கள். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். ஆனால், ஒரு விநாடி லேட்டாக.

முதல் தடவை நான் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது தடவை, 'வயசாச்சு, மெதுவாப் புரியுது' என்று நினைத்தேன். மூன்றாவது தடவை திரும்பிப் பார்த்தேன். அப்பா மேடையையே பார்க்கவில்லை. எங்கள் வரிசையில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சிரித்ததும் இவரும் சிரித்தார். அவர்கள் நிறுத்தியதும் நிறுத்தினார்.

அப்புறம் கச்சேரி. அங்கே வேறு ஆள். நிமிர்ந்து உட்கார்ந்து, தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். பேரன் மிருதங்கத்தில் தீர்மானம் வைத்து முடித்த இடத்தில் இவர் விரலும் முடிந்தது. ஒரு இம்மி பிசகவில்லை.

திரும்பும்போது புவனகிரி தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தேன்.

"கண்டக்டர் ஜோக் நல்லா இருந்துச்சு இல்லப்பா?"

"ஆமாமா, பிரமாதம்."

"எதுப்பா ரொம்பப் பிடிச்சுது?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்:

"பாட்டு கேக்குதுடா. பேச்சுதான் கொழகொழன்னு இருக்கு. வீட்ல சொல்லாத. உங்கம்மா பயப்படுவா."

எங்கள் வீட்டில் டி.வி சத்தத்தைப் பற்றி அம்மாவும் அப்பாவும் போடாத சண்டை இல்லை. அவர் வைக்கிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் டி.வி வாங்காமலே சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அதை ஜோக்காகத்தான் வைத்திருந்தோம். அந்த ஜோக்குக்கும் அப்பா ஒரு விநாடி லேட்டாகத்தான் சிரித்திருப்பார். யார் கவனித்தோம்?

காது டாக்டர் ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். கோடு நேராக வந்து, வலது பக்கம் மலையிலிருந்து உருண்ட மாதிரி சரிந்து விழுந்திருந்தது. இரைச்சலில் பல வருஷம் வேலை செய்தவர்களுக்கு, கீச்சுக் குரல் பக்கத்து ஓசைகள்தான் முதலில் போகுமாம். ச, த, ஃப போன்ற மெல்லிசான ஓசைகள் அங்கேதான் இருக்கின்றனவாம். ஆ, ஓ என்று நீளுகிறதெல்லாம் கீழே பத்திரமாக இருக்குமாம். அதாவது, ராகத்துக்கு உயிரெழுத்து போதும். ஜோக்குக்கு மெய்யெழுத்து வேண்டும்!

"எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லைன்னு தொழிற்சாலை விதி இருக்கு. இவர் காதுல பஞ்சாவது வச்சிருந்தாரா?" என்றார் டாக்டர்.

அப்பாவிடம் சத்தமாகக் கேட்டேன். "பஞ்சு வச்சா மில்லு ஓடற மாதிரி ஓடுதா, இடிக்குதான்னு எப்படித் தெரியும்?" என்றார். மெஷின் உடம்பைக் காதால் பார்த்துக்கொண்டவர்.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன். பகலில் நான் எங்கள் ஊரின் நாலைந்து பீங்கான் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஒவ்வொரு மார்ச்சிலும் பால் மில்லுக்குத் தேய்மானம் எழுதுவேன். வருஷத்துக்கு 15 சதவிகிதம். இரும்புப் பீப்பாய் தேயும் என்று சட்டத்துக்குத் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது. அதன் பக்கத்தில் நிற்கிற காது தேயும் என்று எந்தப் பேரேட்டிலும் ஒரு வரி கிடையாது. எதிர் வீட்டு மெஷினுக்கெல்லாம் கணக்கு எழுதிய எனக்கு, சொந்த அப்பா கணக்கில் ஒரு என்ட்ரி விட்டுப்போனது தெரியவே இல்லை.

இப்போது காதுக்குப் பின்னால் ஒரு மெஷின் மாட்டியிருக்கிறார். பேச்சு ஓரளவு பிடிபடுகிறது. (அம்மா வீட்டுக் கணக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் கழற்றித் துடைப்பார்.) 'ஆனா, போனது போனதுதான். இருக்கறதைக் காப்பாத்திக்கணும்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் காதில் இன்னும் எத்தனை கச்சேரி மிச்சம் என்று எந்த வரைபடத்திலும் இல்லை.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை ராத்திரி அவர் 'நாளைக்கு' என்றதும் எனக்குத் திக்கென்றது. மறுநாள் காலையில் முதல் வேலையாக முதலாளியிடம் போய் நின்றேன்.

"வெள்ளிக்கிழமை அரை நாள் லீவ் வேணும் சார்."

"ஜி.எஸ்.டி வேலை அப்படியே கிடக்கே. என்ன அவசரம்?"

"கச்சேரிக்குப் போறோம் சார். அப்பாவும் நானும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாட்டிக்குச் சீரியஸ், பல் வலி என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். உண்மையைச் சொன்னதில் ஆடிப்போய்விட்டார் போலிருக்கிறது. 40 வேலி எல்லாம் கேட்கவில்லை. "வியாழக்கிழமை ராத்திரி முடிச்சுட்டுப் போ" என்றார். முடித்துவிடலாம். அறுவடையை விட ஜி.எஸ்.டி சுலபம்.

வீட்டுக்கு வந்து, "லீவ் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை போறோம். நாளைக்குங்கற பேச்சே கிடையாது" என்று சத்தமாகச் சொன்னேன்.

"கத்தாதடா, மெஷின் மாட்டியிருக்கேன்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு பக்கத்தில் வந்து, அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னார்:

"அந்தப் பசங்க ஜோக் சொல்றப்போ, எனக்குப் புரியலைன்னு தெரிஞ்சா என் தொடையில ஒரு தட்டு தட்டு. நானும் எல்லாரோட சேர்ந்து கரெக்டா சிரிச்சுடறேன்."

"சரிப்பா."

"கச்சேரிக்குத் தட்டாத. அது எனக்கே தெரியும்."