மெழுகில் இறுகும் கயிறு

அமெரிக்க மேற்கில் மாடு மேய்த்த கையோடு சிற்பம் பிடித்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் சார்லஸ் ரஸ்ஸல். 1864இல் செயிண்ட் லூயிஸில் பிறந்தவர், பதினாறு வயதில் மொன்டானாவுக்குப் போனார். அங்கே பெரும்பாலும் இராக்காவல்தான் அவர் வேலை. பகலில் மற்ற கௌபாய்கள் மாடு பிடிப்பதை உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைத்தது. பையிலிருந்த தேன்மெழுகு விரலில் உருண்டு குதிரையாகும். 1893இல் பண்ணை வேலையை விட்டார். வெண்கலத்தில் முதல் வார்ப்பு 1904இல்தான் வந்தது.

இந்தச் சிற்பத் தொழிலில் கடைசிவரை படுத்துவது கயிறு. கௌபாய் சுருக்கை மாட்டின் மேல் வீசியதும், கையிலுள்ள கயிற்றைச் சேணக் கொம்பில் இடஞ்சுழியாகச் சுற்றுகிறான். கட்டைவிரல் மேலே நிமிர்ந்திருக்க வேண்டும். கொம்புக்கும் கயிற்றுக்கும் நடுவே சிக்கினால் விரல் போய்விடும். விரல் போனவர்கள் உண்டு. மாடு கயிற்றின் நுனிக்கு ஓடி இழுக்கும்போது குதிரை பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் மடக்கிக் குந்துகிறது. கொம்பு முன்னால் இழுபடுவதால் சேணத்தின் பின்பக்கம் எழும்பப் பார்க்கும். சேணத்தைக் குதிரையின் வயிற்றுக்கடியில் பிணைக்கும் பின்வார் வழக்கமாகச் சற்றுத் தொங்கிக் கிடக்கும்; அந்தக் கணத்தில் வயிற்றோடு ஒட்டிவிடும். நின்றுகொண்டிருந்த குதிரையின் புகைப்படத்தைப் பார்த்துச் செய்தவரின் சிற்பத்தில் கயிறு விறைத்திருக்கும், வாரோ தொங்கும். விற்பனைக் கூடங்களில் இப்படிப்பட்டவை இப்போது தாராளம். வாங்குபவருக்கும் குறை தெரிவதில்லை.

மற்ற வேலைகள் பட்டறையைச் சேர்ந்தவை. மூல உருவத்தின் மேல் ரப்பர் அச்சு எடுத்து, உள்ளே உருக்கிய மெழுகை ஊற்றி, உள்ளீடற்ற மெழுகுப் பிரதி எடுப்பார்கள். அதைப் பீங்கான் குழம்பில் பலமுறை தோய்த்துக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு வெளியேறும்; அந்த இடத்தில் வெண்கலம். பின் பீங்கான் ஓட்டை உடைத்து, துண்டுகளைப் பற்றவைத்து, ராவி, சூட்டில் ரசாயனம் தெளித்து நிறமேற்றுகிறார்கள். ஒற்றைக்காலில் நிற்கும் துள்ளுகுதிரை என்றால் எடை முழுதும் அந்தக் குளம்பில் விழும். பல சிற்பிகள் அடியில் ஒரு புதரையோ பாறையையோ முட்டுக் கொடுத்துத் தப்பிக்கிறார்கள். இதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

சிறிய மாதிரியைக் கணினியில் அளந்து இயந்திரமே பெரிதாக்கித் தரும் வசதி வந்த பிறகு அளவு ஒரு பொருட்டல்ல. ஆனால் கையளவு உருவத்தில் கண்ணில் படாத தொங்கும் வார், ஆளுயரச் சிலையில் ஒரு சாண் தொங்குகிறது.

மெல்லிய கயிறு வார்ப்பில் நிற்காது. பெரும்பாலும் முறுக்கிய உலோகக் கம்பியைத் தனியே வெட்டி, கடைசியில் கொம்புக்கும் மாட்டின் கழுத்துக்கும் நடுவே பற்றவைப்பார்கள். கயிறு வீசிப் பழகிய சிற்பி அன்றைக்கு மட்டும் பட்டறையை விட்டு நகர்வதில்லை. கம்பி அரை அங்குலம் நீண்டுபோனால் கயிறு தொய்ந்து, குதிரை சும்மா குந்தியிருப்பதுபோல் ஆகிவிடும்.