மணலுக்கடியில் ஓடும் ஆறு

கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு, கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் கடலைத் தொடுவதற்குள் ஏறத்தாழ 348 கிலோமீட்டர் கடக்கிறது. கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, மீதி 222 தமிழ்நாட்டில். ஆண்டின் பெரும்பகுதி மேலே மணல்தான் தெரியும். தண்ணீர் அடியில் மெல்ல நகரும். அந்த மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்தே கரையோர ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தன. ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கும் பாய்ச்சின.

மேலே பேத்தமங்கலா ஏரி. கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் தந்தது. கீழே ஆந்திர எல்லைக்குள் வரிசையாகத் தடுப்பணைகள். எல்லையிலுள்ள புல்லூர் அணையை 2016இல் 5 அடியிலிருந்து 12 அடிக்கு உயர்த்தினார்கள். ஆற்றுக்குள் தண்ணீர் குறையக் குறைய, கலக்கும் கழிவின் வீரியம் கூடும். அந்தக் கழிவு வாணியம்பாடியில் தொடங்குகிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை: தோல் பதமிடும் ‘ஷாப்பு’ இல்லாத ஊர் இந்த வரிசையில் இல்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் நாள்கணக்காக ஊறவைத்துத் தோல் பதமிட்ட காலம் உண்டு. பாதி பதமிட்ட தோலின் ஏற்றுமதியை 1970களில் அரசு கட்டுப்படுத்தியபிறகு, முழுத்தோலும் செருப்பும் இங்கேயே செய்யும் வேகத்தில், பதமிடக் குரோமிய உப்பு பரவலாக நுழைந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் சோறு உண்டன, இன்றும் உண்கின்றன. ஆம்பூரில் தைத்த ஷூ ஐரோப்பியக் கடைகளில் விற்கிறது. அந்த வேலையின் அருமையைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

குரோமியத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உப்பைப் பற்றிப் பேசுவது குறைவு. உரித்த தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சாதாரண உப்பைத் தூவுகிறார்கள். ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை, தொட்டியில் ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. குரோமியத்தைச் சுண்ணாம்பு போன்றவற்றால் படியவைத்து எடுத்துவிடலாம். அழுகும் கழிவை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். கரைந்த உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஒரு வாயில் நுழைந்த உப்பு மறுவாயில் அப்படியே வெளியேறும். அதைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வும், மிஞ்சும் செறிநீரைக் கொதிக்கவைக்கும் ஆவியாக்கியும் வேண்டும். இரண்டும் மின்சாரத்தை விழுங்குபவை. தோலைத் தொட்டியில் போடுமுன் கம்பிவலை உருளையிலிட்டோ கையாலோ உதறினால் உப்பின் ஒரு பகுதி உலர்ந்தபடியே கொட்டிவிடும். செலவு மிகக் குறைவு. சென்னையில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீரில்லாமல் குரோமியப் பதமிடும் முறையையும் உருவாக்கியிருக்கிறது. ஆற்றில் இறங்கிய உப்பைத் துரத்துவதைவிடத் தோலிலேயே அதை உதறிவிடுவது எவ்வளவோ எளிது.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்பை இன்று இந்தியாவின் சட்ட மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள்: மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும். ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுதுமோ சாகுபடிக்கு ஆகாமல் போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள்.

ஆம்பூரில் கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கொதித்தால் கிருமிதான் சாகும். உப்பு போகாது, குரோமியம் போகாது. நீர் ஆவியாகி வற்றுவதால் மிச்சத்தில் இரண்டும் சற்றுக் கூடும். லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை கரைந்த உப்பிருந்தால் நல்ல குடிநீர். வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. குரோமியத்துக்கு 0.05 மில்லிகிராம்தான் எல்லை. கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல் கண்ணால் இது தெரியாது. வேலூர்ப் பக்கப் பாலாற்றங்கரை ஊர்கள் பலவற்றுக்கு இப்போது மேட்டூரிலிருந்து குழாயில் காவிரி வருகிறது.

ஆலைகள் மட்டுமே காரணமில்லை. கரையோர நகரங்களின் சாக்கடையும் குப்பையும் இதே மணலில்தான் இறங்குகின்றன. பொரித்த எண்ணெயையும் மிச்சப் பெயிண்டையும் காலாவதியான மாத்திரையையும் கழிவுக்குழாயில் கொட்டாமலிருப்பது, கழிப்பறைத் தொட்டியைக் கசியவிடாமல் பார்ப்பது, மொட்டைமாடி மழைநீரை வடிகட்டிக் கிணற்றருகே இறக்குவது: எல்லாம் வீட்டளவில் நடக்கக்கூடியவை. கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் உறிஞ்சு கிணறுகள் வெட்டினார்கள். நல்ல நீர் மண்ணுக்குள் இறங்கினால் உப்பின் செறிவு தணியும்.

ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மலையாகக் குவிந்து கிடந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் மாண்டார்கள். ஆற்றைக் காக்கக் கட்டிய நிலையமே உயிரைப் பறித்தது. பத்தாண்டு கழித்து, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, தோல் ஆலை மாசால் பாதிக்கப்பட்டவர்களில் விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் இழப்பீடு தரவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துத் தணிக்கை செய்யவும் உத்தரவிட்டது.

திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் சேர்கின்றன. அதற்குக் கீழே மணற்படுகைக் கிணறுகள் சென்னைப் புறநகர்வரை தாகம் தீர்க்கின்றன. கடைசியில் வயலூர்த் தடுப்பணை, கடல்நீர் உள்ளே ஏறாதபடி தடுக்கிறது. கடலுப்புக்கு இங்கே அணை போட்டாயிற்று. மேலிருந்து வரும் உப்பை இங்கேயும் அளக்க வேண்டும். நீதிமன்றம் சொன்ன தணிக்கை ராணிப்பேட்டையோடு நின்றுவிடக் கூடாது. வாணியம்பாடி முதல் வயலூர்வரை ஒவ்வொரு ஊர்க் குடிநீர்க் கிணற்றின் உப்பளவும் குரோமிய அளவும் ஆண்டுதோறும் ஊராட்சிப் பலகையில் எழுதப்பட வேண்டும். கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும்.