பழைய முகவரி

துவாஸ் லிங்க், கிழக்கு மேற்கு ரயில் பாதையின் கடைசி நிலையம். 2017ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதையும் தாண்டியுள்ள ஒரு தங்கும் விடுதியில், வாரத்தில் ஒரு மாலை வெளிநாட்டு ஊழியர்களுக்குக் கணினி கற்பித்து வந்தேன்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும், பட்டுக்கோட்டையைச் சேர்ந்த தம்பி ஒருவர் தயங்கியபடி வந்தார். அவர் மின்பணியாளர்.

"அக்கா, நாளைக் காலையில் மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணல். என் சான்றிதழ்களை அச்சிட்டுத் தர முடியுமா?"

மணி ஒன்பதாகிவிட்டது. அந்த நேரத்தில் துவாஸில் அச்சுக்கடையை எங்கே தேடுவது? லிட்டில் இந்தியாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் கடையை அடைத்துவிடுவார்கள்.

"அதற்கென்ன தம்பி" என்று பொத்தானை அழுத்தினேன். அச்சுப்பொறி அசையவில்லை. கணினித் திரையில் 'ஆஃப்லைன்' என்று தெரிந்தது. மறுபடியும் அழுத்தினேன். கணினியை அணைத்துத் திறந்துவிட்டு மேலும் சில முறை அழுத்தினேன். பயனில்லை. கற்பிக்க வந்தவளுக்கே இந்தக் கதியா என்று வெட்கமாக இருந்தது.

தம்பி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "விளக்கு எரியவில்லை என்றால், பல்பைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டிப் பார்ப்போம் அக்கா. அங்கே எரிந்தால் கோளாறு பல்பில் இல்லை. இந்த அச்சுப்பொறி கணினி இல்லாமல் தனியாக அச்சிடுமா?"

எனக்கு அது தோன்றவே இல்லை! அச்சுப்பொறியில் இருந்த தகவல் பொத்தானை அழுத்தினேன். உடனே ஒரு தாள் வெளியே வந்தது. அப்படியென்றால், பொறியில் கோளாறில்லை. அது கம்பியில்லா இணையத்திலும் இணைந்திருப்பதாகத் தாளில் இருந்தது. அதன் ஐபி முகவரி 23 என்று முடிந்தது. கணினியில் பதிவாகியிருந்த முகவரியோ 17 என்று முடிந்தது.

"மதியம் இங்கே மின்சாரம் நின்றுபோனது அக்கா" என்றார் தம்பி.

விவரம் புரிந்தது. ரவுட்டர்தான் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி எண்ணை வழங்குகிறது. அணைந்து மீண்டும் இயங்கியபோது, அது அச்சுப்பொறிக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிட்டது. கணினி பழைய எண்ணையே அழைத்துக்கொண்டிருந்தது. வீடு மாறியவருக்குப் பழைய முகவரியில் கடிதம் போட்டால் எப்படிப் போய்ச் சேரும்?

கணினியில் எண்ணை மாற்றினேன். அச்சுப்பொறி உறுமியது. சான்றிதழ்கள் வந்தன, வந்துகொண்டே இருந்தன! பதற்றத்தில் நான் ஆறு முறை அழுத்தியவை எல்லாம் கணினியில் வரிசையாகக் காத்திருந்திருக்கின்றன.

தம்பி ஒரு தொகுப்பை உறைக்குள் வைத்தார். மற்றவற்றைக் குப்பைத் தொட்டியில் போட எடுத்தேன். அவர் விடவில்லை.

"இருக்கட்டும் அக்கா. நாளைக்கு இந்த வேலை கிடைக்கவில்லை என்றால், இன்னும் ஐந்து இடங்களில் கேட்டுப் பார்க்கலாமே!"