நகைப்பெட்டியைத் திறக்குமுன்

மெய்விவாகம் முடிந்து ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பங்கு இல்லத்திற்கு வரும் தம்பதியர் சிலர் தயக்கத்தோடு கேட்பதுண்டு: "சாமி, சினைப்பையில் நீர்க்கட்டி என்கிறார்கள். சோதனைக் குழாய் முறைதான் வழியாம். நகைகளை விற்றுவிடலாமா?" லட்சங்களை விழுங்கும் அம்முறை ஒருமுறை தவறினால் மறுமுறைக்கு நிலப் பத்திரமும் அடகுக்குப் போகிறது. திருச்சபையின் போதனையைச் சொல்லுமுன் மருத்துவத்தின் போதனையையே அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

நீர்க்கட்டி என்னும் பெயரே பாதி அச்சத்திற்குக் காரணம். அவை உண்மையில் கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுவிட்ட சிறு முட்டைப் பைகளே. சிக்காகோ நகரின் ஸ்டெயின், லெவந்தால் என்னும் மருத்துவர்கள் 1935-ஆம் ஆண்டிலேயே இந்நிலையை விவரித்துள்ளனர். பிள்ளை பெறும் பருவத்துப் பெண்களில் நூற்றுக்கு 6 முதல் 13 பேருக்கு இது இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கருப்பை உண்டு, முட்டையும் உண்டு. மாதந்தோறும் அது முதிர்ந்து வெளிப்படாததே குறை. இத்தகைய பெண்ணை 'மலடி' என்று பழிக்கும் நாவு பொய்யுரைக்கிறது. மாமியாரின் நாவாயினும் சரியே.

உடல் பருத்தோருக்கு முதல் மருந்து எடைக் குறைப்பு. 80 கிலோ எடையுள்ள பெண் நாலைந்து கிலோ குறைத்தாலே, பலருக்கு நின்றுபோன மாதவிலக்கு ஒழுங்காகத் திரும்புகிறது. சோற்றின் அளவைச் சுருக்குவதற்கும், மாலையில் நடப்பதற்கும் கட்டணம் இல்லை. ஆனால் அவள் நடக்கும் வேளையில் வீட்டு வேலையை வேறொருவர் ஏற்க வேண்டுமே!

அடுத்தது, லெட்ரோசோல் என்னும் மாத்திரை. மார்பகப் புற்றுநோய்க்கென வந்த இம்மருந்தை மாதவிலக்கின் தொடக்கத்தில் ஐந்து நாள் உட்கொண்டால், சினைமுட்டை முதிர்வதைத் தூண்டுகிறது. அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய குளோமிஃபீன் மாத்திரையால் நூற்றுக்கு 19 பேரும், லெட்ரோசோலால் 27 பேருக்குச் சற்று மேலும் குழந்தை பெற்றனர். நம் நாட்டில் 2011-இல் இப்பயனுக்கு விதித்த தடை 2017-இல் நீக்கப்பட்டது. ஐந்து நாள் மாத்திரையின் விலை சில நூறு ரூபாய்க்கு மேற்போவதில்லை. விலை குறைந்ததால் ஏழைக்கான இரண்டாந்தர மருந்து என்று எண்ண வேண்டாம்; முட்டை வெளிப்படாத இந்நிலைக்கு உலக மருத்துவ வழிகாட்டிகள் முதலில் பரிந்துரைப்பதும் இதையே. எனினும் கடையில் தாமே வாங்கி விழுங்கலாகாது. இரட்டைக் கருவுக்கும் சிறிது வாய்ப்புண்டு. மகப்பேறு மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

மாத்திரை பயன் தராவிடில் ஊசி மருந்தும், சினைப்பையில் நுண்துளையிடும் சிறு அறுவையும் உள்ளன. மணவுறவுக்குப் பதிலாக நிற்கும் முறையை மறுத்து, அவ்வுறவு கனிதரத் துணைநிற்கும் மருத்துவத்தை ஏற்பது திருச்சபையின் போதனை. 1987-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட ஏடும் இதையே விளக்குகிறது. மேற்கூறிய வழிகள் யாவற்றையும் மனச்சான்றின் உறுத்தலின்றி நாடலாம்.

கருக்குழாய் அடைபட்டிருந்தாலோ, கணவனின் விந்தணுக்கள் மிகக் குறைவாயிருந்தாலோ மாத்திரை மட்டும் போதாது. ஆகவே சிகிச்சை தொடங்குமுன்னரே கணவனும் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். அதற்குச் செலவு சொற்பம், நோவும் இல்லை, தன்மானம்தான் தடுக்கிறது. மனைவி மூன்றாண்டு ஊசி குத்திக்கொண்ட பிறகே ஆய்வுக்கூடத்தின் படியேறும் கணவர்களும் உண்டு. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திற்குமேல் காத்திராமல், இருவரும் சேர்ந்தே மாவட்ட அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.